இரண்டரைக்கு அக்கா

சபையில் அவளை எல்லோரும் சூப்பர்வைசரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் படுக்கை விரிப்புகள். அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சம்பளமில்லாத வேலைகளுக்கு அளவே கிடையாது: ஞாயிறு பள்ளி, ஆலயத்துப் பூ அலங்காரம், மைக் வாடகைக்காரரோடு சண்டை, பாஸ்டர் மறந்துபோகும் அத்தனையையும் நினைவில் வைத்திருப்பது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். மற்றவர்கள் கைகொடுக்க மாட்டார்களா என்று கேட்காதீர்கள். அவள் விட்டால்தானே!

மாதத்தின் முதல் சனிக்கிழமை சங்கிலி ஜெபம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, அரைமணிக்கு ஒருவராக, ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். சட்டம் இரண்டு. போனை வாசலில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். அடுத்தவர் வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் சங்கிலி அறுந்துவிடும். இரண்டையும் போட்டவள் அவள்தான். பாடகர் குழுக்காரர் ஒருவர் உள்ளே உட்கார்ந்து வீட்டுக்குத் திரைச்சீலை ஆர்டர் செய்ததைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகு போட்டது.

இரண்டு மணி அவளுடையது. இரண்டரை அவளுடைய அக்காவுடையது. அக்கா எப்போதும் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து தட்டுவாள்.

"எந்திரிடி. நீ ஜெபம் பண்ற லட்சணம் எனக்குத் தெரியாதா? மனசெல்லாம் துணி மூட்டைகிட்ட இருக்கும். போ, போய் உன் வேலையைப் பாரு."

அவளும் விட்டால் போதும் என்று ஓடிவிடுவாள். நான்கு வருஷமாக இப்படித்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அக்கா போய்விட்டாள். காலையில் துணி உலர்த்தினாள், மதியம் இல்லை. அடக்க ஆராதனையையும் சூப்பர்வைசரம்மாதான் நடத்தினாள். நாற்காலி போட்டாள், பெட்டி தூக்குகிறவர்களை உயரப்படி நிற்க வைத்தாள், வெயிலில் நின்றவர்களை நிழலுக்கு விரட்டினாள். "எவ்வளவு நல்லா நடத்திட்டீங்க" என்றார்கள். நன்றி சொன்னாள். அழவில்லை. அழ நேரம் கிடைக்கவில்லை என்பது அவள் கட்சி.

ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. முழங்காலில் நின்றால் விரிப்புகள் வந்தன. கண்ணை மூடினால் நாளைய வேலைகள் வரிசைகட்டி வந்தன. அக்கா வரவில்லை. ஆண்டவரும் வரவில்லை.

"எனக்கு உள்ள எல்லாம் செத்துப்போச்சு போல இருக்குங்க" என்று ஒருநாள் புருஷனிடம் சொன்னாள்.

அவர் பஸ் டிரைவர். பேச்சில் மகா கஞ்சன். "லீவு போடேன்" என்றார்.

"நான் லீவு போட்டா யாரு பாக்கறது?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த மாத லிஸ்ட்டை, துணி வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, போன மாத லிஸ்ட்டைப் பார்த்து அப்படியே எழுதினாள். ஒரு பிரதி ஆலயத்து வாசலுக்கு, ஒன்று வீட்டு ஃபிரிட்ஜ் கதவுக்கு. பார்த்தவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போனை டின்னில் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். சபையில் நோயாய்க் கிடப்பவர்களுக்காக வார்டு வாரியாக ஜெபித்தாள். பாஸ்டரின் முட்டிவலிக்காக ஜெபித்தாள். இரண்டு இருபதுக்குக் காது தானாகக் கதவுப் பக்கம் போனது. தட்டலைக் காணோம். இரண்டரை ஆனது. காணோம். இரண்டு முப்பத்தைந்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரத்துக்கு வருவதற்கு என்ன கேடு? யார் இந்த இரண்டரை? லிஸ்ட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

இரண்டரைக்கு அக்கா.

மற்ற எல்லோருக்கும் முழுப் பெயர் எழுதுகிறவள், அந்த வரியில் மட்டும் எப்போதும் 'அக்கா' என்றுதான் எழுதுவாள். இந்த மாதமும் எழுதியிருக்கிறாள், தன் கையாலேயே.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் சட்டம் சட்டம்தானே. அடுத்தவர் வந்து தட்டும்வரை எழுந்திருக்கக் கூடாது. அடுத்தவர் வரப்போவதில்லை.

"ஆண்டவரே, அவ இனிமே வரமாட்டா" என்றாள் வாய்விட்டு.

அதற்கப்புறம் வந்தது அழுகை. மூன்று வாரத்து அழுகை மொத்தமாக வந்தால் எப்படி இருக்கும்? அசிங்கமாகத்தான் இருந்தது. தொள்ளாயிரம் விரிப்புகளுக்குப் பொறுப்பானவளிடம் மூக்கைத் துடைக்க ஒரு கைக்குட்டை இல்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யாரையும் நிழலுக்கு விரட்ட வேண்டியிருக்கவில்லை. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுது அழுது ஒரு கட்டத்தில் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் நின்றுபோயின. தனியாக இருக்கிறோம் என்று மட்டும் தோன்றவே இல்லை. அதை விளக்கச் சொன்னால் அவளுக்குத் தெரியாது. சுவரில் தலையைச் சாய்த்தாள். தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது மணி ஐந்து ஐம்பது. தூக்கிவாரிப் போட்டது. மூன்றிலிருந்து இதுவரை ஆறு பேர் வந்திருக்க வேண்டும்! எழுந்து கதவைத் திறந்தாள்.

வெளியே செருப்பு வைக்கிற பெஞ்சில் மூன்று பேர். ஐந்தரைக்காரியான பாஸ்டரம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூன்று மணிக்காரரான முடிவெட்டுகிறவர். ஓரத்தில் யூனிஃபார்மோடு அவள் புருஷன்.

"ஏன் யாரும் தட்டல?" என்று அதட்டினாள்.

முடிவெட்டுகிறவர்தான் வாயைத் திறந்தார். "மூணு மணிக்கு வந்து கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேம்மா. நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. குறட்டை வேற. எழுப்ப மனசு வரல. இந்த பெஞ்சுலயே உக்காந்து பண்ணிட்டேன். பின்னால வந்தவங்களும் இங்கயே பண்ணினாங்க. உங்க சங்கிலிக்கு ஒண்ணும் ஆகல, கவலைப்படாதீங்க."

"அப்போ ரெண்டரை?"

முடிவெட்டுகிறவர் பெஞ்சின் ஓரத்தைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் புருஷன். "ஃபிரிட்ஜுல பாத்தேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல. ஷிஃப்ட்ட மாத்திக்கிட்டு வர கொஞ்சம் லேட்டாயிடுச்சு. தட்டலாம்னு கையத் தூக்கினா, நீ அழற சத்தம் கேட்டுது. அழட்டும்னு உக்காந்துட்டேன்."

"ஜெபம் பண்ணினீங்களா?"

"எனக்கு சாப்பாட்டு ஜெபம்தானே தெரியும். அரைமணி நேரம் அதையே சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே திரும்பவும் அழுகை. இந்த முறை எல்லோர் முன்னாலும் அழுதாள்.

அடுத்த மாத லிஸ்ட்டை அவள் நிதானமாக, வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஃபிரிட்ஜில் ஒட்டியதும் புருஷன் வந்து படித்துப் பார்த்தார்.

"ரெண்டரைல அக்கா அப்படியே இருக்காங்களே. மறந்துட்டியா?"

"மறக்கல. இருக்கட்டும்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு உள்ளே போனாள். இரண்டரைக்கு யாரும் தட்டவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை. முடிவெட்டுகிறவர் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். மூன்று அடிக்கும்வரை செருப்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் எழுந்து கதவைத் தட்டினார்.