தப்புக்கு ஒரு ஊசி

மானத்தின் விலை ஒரு சினை ஊசி. மாடு வளர்ப்போர் சங்கம் நிர்ணயித்த விலை அது. தன் தொழுவத்தில் செய்த தப்பைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்பவருக்கு, பசுவைச் சினையாக்கும் உயர்ரகக் காளையின் ஊசி இலவசம். ஒருவர் பட்ட அடி நாற்பது பேருக்குப் பாடம் என்பது செயலாளரம்மாவின் கணக்கு.

தவிட்டு வியாபாரத்தை விட்டு மாடு வளர்க்க வந்த 'எல்லாந்தெரிஞ்சவர்' மூன்று வருடமாக ஒரு தப்பும் சொன்னதில்லை. இன்றைக்கு வழியில்லை. அவருடைய செவலைப் பசு மூன்று ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. "இனி சல்லிக்காசு போடமாட்டேன். ஊசி இனாமா கிடைச்சா இன்னொரு தடவை பாக்கலாம். இல்லேன்னா நாளைக்குத் தரகர் ஓட்டிட்டுப் போகட்டும்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். கன்றிலிருந்து செவலையை வளர்த்தவள் அவள். அவரைக் கையோடு சங்கத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

"தப்பைச் சொல்லுங்க" என்று செயலாளரம்மா பேனாவைத் திறந்தார்.

"மாட்டு மேல அளவுக்கு மீறிப் பாசம் வெச்சுட்டேன்."

"அது தற்பெருமை. ஊசி கிடையாது."

"சரி, அரைத் தப்புக்கு அரை ஊசி?"

"வெட்டிக் கொடுக்க இது துணிக்கடையா?"

கூட்டம் சிரித்தது. அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தப்பே பண்ணாதவன் எங்க போய்த் தப்பு தேடுறது? இன்னிக்குக் காலையிலகூடப் பாத்தேன். செவலை எங்க இன்னொரு பசு கறுப்பி மேல தாவி ஏறுது. கறுப்பி பாவம், கல்லு மாதிரி நிக்குது. மூணு தடவையும் இதே கதைதான். ஏறின செவலையைப் பிடிச்சுக் கட்டி ஊசி போட வெச்சேன். இதுல என்னய்யா குறை?"

பால்வண்டிக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். "யோவ், ஏற விட்டு அசையாம நிக்கிறதுதான்யா சினைப் பருவத்துல இருக்கு! பசிச்சவனை உக்கார வெச்சுட்டுப் பரிமாறுறவனுக்கு ஊட்டியிருக்கியே!"

எல்லாந்தெரிஞ்சவர் முகம் நனைந்த தவிட்டு மூட்டை ஆயிற்று. ஆனாலும் வியாபார ரத்தம் விடுமா? "அப்போ மூணு தப்பு. எடுங்க மூணு ஊசி."

"ஒரே தப்பைத்தானே மூணு தடவை பண்ணியிருக்கீங்க? ஒண்ணுதான். அதுவும் இன்னிக்கு நின்ன கறுப்பிக்குத்தான் போகணும்."

"அப்போ செவலைக்குங்க?" என்றாள் மனைவி, மெதுவாக.

அவர் கூரையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"'நிக்கிறதுக்குத்தான் போடணும்'னு இவ முதல் தடவையே சொன்னா. ஊசி போட வந்தவரும் சொன்னார். 'உங்களுக்கென்ன தெரியும்'னு ரெண்டு பேர் வாயையும் அடைச்சேன். அதையும்... எழுதிக்கோங்க."

செயலாளரம்மா எழுதினார்: தப்பு இரண்டு. ஊசி இரண்டு. கறுப்பிக்கு இன்று மாலை. செவலைக்கு அது அசையாமல் நிற்கிற அன்று. தரகருக்கு ஒன்றுமில்லை.

மனைவி எட்டிப் பார்த்து ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்.

வீட்டில் கேட்க வேண்டிய மன்னிப்பு: பாக்கி.