பிழியும் பக்கம்

மெஷினில் துவைக்கும் பக்கம் நன்றாகத்தான் ஓடியது. பிழியும் பக்கம்தான் புதன்கிழமை காலை ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. எனக்கு வேண்டியதே அந்தப் பக்கம்தான். போன மழையில் சந்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து ஒரு துண்டைக்கூட என்னால் முறுக்கிப் பிழிய முடியாது.

இதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவளும் நானேதான். நெருளில் இருக்கும் என் மகன் ஜெப்ரி, “தாராவியில தனியா என்னத்துக்கும்மா கெடக்க? எங்ககூட வந்துரு” என்று நச்சரித்தபோது, “இந்த மெஷினு ஓடாமப் போற அன்னைக்கு வாரேம்ல, போ” என்று சொல்லித் தொலைத்தேன். ஏஞ்சலம்மாள் சொன்ன சொல் மாற மாட்டாள் என்பது சந்து முழுக்கத் தெரியும். இப்போது போனில் ஞாயிறு வரை தவணை கேட்டேன். அவனும் கொடுத்தான், பெரிய மனசு!

மருமகள் ஆனி தங்கமானவள். ஆனாலும் பன்னிரண்டாவது மாடியில் விருந்தாளியாக உட்கார எனக்கு இஷ்டமில்லை. என் வீட்டுக் கதவை நானே திறக்க வேண்டும், நானே பூட்ட வேண்டும்.

ஜெப்ரி அனுப்பிய மெக்கானிக் வந்தான். பின்பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை. “இந்த மாடல் பந்த் ஆயிருச்சு ஆன்ட்டி, இப்பக் கம்பெனியில செய்யறதே இல்ல. ஃபுல் ஆட்டோமேட்டிக் வாங்குங்க. பட்டனை அமுக்கினா போதும்” என்றான்.

“இங்க தண்ணி காலையில அஞ்சுக்கு வரும், ஏழுக்குப் போவும். அப்புறம் டிரம்முல இருந்து மொண்டுதான் ஊத்தணும். ஒம்ம பட்டன் வந்து மொண்டு ஊத்துமா?” என்றேன். போய்விட்டான்.

பின்பலகையை நானே கழற்றினேன். மோட்டாரையும் பிழியும் தொட்டியையும் இணைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். இதற்காகவா நான் நெருளுக்குப் போக வேண்டும்? வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

மாட்டுங்காவில் இரண்டு கடைகளில் கையை விரித்தார்கள். செம்பூரில் கடை வைத்திருக்கும் பஞ்சாபகேசன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இதுக்குக் கப்ளிங்னு பேரும்மா. மோட்டார் தண்டு என்ன தடிமன்? பத்து எம்எம்மா, பன்னண்டா? ஓட்டையே பொளந்துண்டிருக்கே, இதை வெச்சு எப்படிச் சொல்றது?”

தண்டை யார் அளந்தது? வீட்டுக்கு வந்து, துணி சோப்புக் கட்டியை நனைத்து அந்தத் தண்டின் நுனியில் வைத்து அழுத்தினேன். அச்சாக ஓட்டை விழுந்தது. மறுநாள் சோப்போடு போய் நின்றதும் பஞ்சாபகேசன் சிரித்தேவிட்டார். ஓட்டையில் ஒவ்வொரு போல்ட்டாக விட்டுப் பார்த்தார்.

“பத்துதான். ஆனா புதுசு வர்றதில்லே. பழைய மெஷின் உடைக்கிற எடத்துல தேடுங்கோ. இந்தப் போல்ட்டைக் கையோட கொண்டுபோங்கோ, கச்சிதமா நுழைஞ்சா அதுதான்.”

பழைய மெஷின் உடைக்கும் இடமா! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். அது என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே எனக்குப் பழக்கமான உமைரா சுத்தியலோடு உட்கார்ந்து, ஊர்ப்பட்ட மெஷின்களை உடைத்து, பிளாஸ்டிக் தனி, இரும்பு தனி என்று பிரித்துக்கொண்டிருந்தாள். “டூண்ட் லோ, அம்மா” என்று, தேடி எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு குவியலைக் காட்டினாள். சனிக்கிழமை மதியம் முழுக்கக் கிளறினேன். போல்ட் கச்சிதமாக நுழைந்தவை மூன்று. மூன்றையும் எடுத்துவந்து, ஒன்றை அன்று ராத்திரியே மாட்டினேன்.

ஞாயிறு காலை தண்ணீர் வந்ததும் துணி போட்டேன். பிழியும் பக்கம் உறுமிக்கொண்டு சுற்றியது. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஆராதனை முடிந்து வந்தால், வாசலில் ஜெப்ரி. கையில் காலிப் பெட்டி. கொடியில் கிடந்த துணியைத் தொட்டுப் பார்த்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் முகம் சுருங்கியது.

“இது எத்தன நாளைக்கும்மா ஓடும்?”

மிச்சமிருந்த இரண்டு கப்ளிங்கையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். “இது ரெண்டும் உடையுற வரைக்கும். அதுக்கப்புறம் உமைரா இருக்கா.”

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. பெட்டியை வாங்கி, போன தடவை அவன் விட்டுப்போன போர்வையை மடித்து உள்ளே வைத்து, மூடிக் கொடுத்தேன்.

“ஆனிகிட்ட சொல்லுலே. கனத்த போர்வை, திரைச்சீலை எது கெடந்தாலும் இந்தப் பெட்டியில வச்சு அனுப்பச் சொல்லு. நான் பிழிஞ்சு தாரேன்.”