ஏறி வந்தவன் யார்?

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கருவடிக்குப்பத்திலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் தேவதாஸ் கதை சொல்லிக்கொண்டே வருவான். பாலகுரு அவன் பையையும் சேர்த்துச் சுமப்பான். அன்றைய கதையில் கப்பல் சமையற்காரன் ஒருவன் எஜமானனின் வரைபடத்தைத் திருடிக்கொண்டு கலங்கரை விளக்கத்தின் உச்சியில் போய் ஒளிந்துகொள்கிறான். கீழே யாரோ படியேறி வரும் சத்தம் கேட்கிறது. அதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது.

“யார்ரா ஏறி வந்தது?”

“நாளைக்குச் சொல்றேன்.”

மறுநாள் தேவதாஸுக்குப் பொன்னுக்கு வீங்கி. அவன் அம்மா யாரையும் கிட்டே விடவில்லை.

பாலகுருவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாத்தியார் பிரம்பை எடுக்காமல் அவன் புத்தகத்தைத் திறந்ததே கிடையாது. ஆனாலும் வாசகசாலையில் இருக்கும் தடித்த சிவப்பு அட்டைப் புத்தகத்தில் படித்த கதை என்று தேவதாஸ் சொல்லியிருந்தானே. சாயங்காலம் அங்கே போய் நின்றான். ஒரு தட்டு நிறையச் சிவப்பு அட்டைகள்.

முதல் புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படித்தான். அதில் கடலே இல்லை. அடுத்ததில் கப்பல் வந்தது, சமையற்காரன் வரவில்லை. இதோ வந்துவிடுவான் என்று கடைசிப் பக்கம் வரை போனான்.

வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அரிகிருஷ்ணன் சில நாள் கவனித்துவிட்டு, “என்னத்த தேடுற தம்பி?” என்றார்.

“லைட்டவுசுல ஏறி வந்தவன் யாருன்னு பாக்கணும் சார்.”

அவருக்கும் தெரியவில்லை. “கெடைச்சா எனக்கும் சொல்லு” என்றார்.

கன்னத்து வீக்கம் வடிந்து தேவதாஸ் வெளியே வந்தான். பாலகுரு தேடி அலைந்ததை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்படி ஒரு புஸ்தகமே இல்லடா. நானா சொன்னது.”

“அப்ப ஏறி வந்தது யாரு?”

“தெரியல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்தேன். அதுக்காகவே ரெண்டு நாள் கூடப் படுத்துக் கெடந்தேன்.”

பாலகுரு அவன் பையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.

ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் கால் வாசகசாலைக்குத்தான் போயிற்று. பாதி படித்திருந்த புத்தகத்தில் கிணற்றுக்குள் விழுந்த ஒருவன் இன்னும் மேலே வரவில்லை. சற்று நேரத்தில் தேவதாஸும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “என்னடா கதை?” என்றான்.

பாலகுரு புத்தகத்தை மட்டும் அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினான். தேவதாஸ் வேகமாகப் படிப்பவன். பக்கத்தின் அடிக்குப் போய் அங்கேயே காத்திருந்தான். பாலகுருவின் உதடுகள் இன்னும் நடுப்பக்கத்தில் அசைந்துகொண்டிருந்தன.