கோட்டில் நின்ற தண்ணீர்

முன்கதவு பாதி திறந்ததும் தரையில் இடித்து நின்றுவிட்டது. முஹ்ஸின் நானா தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "மழைக்குக் கதவு ஊதியீக்கி தம்பி" என்றார். எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள். வீடு அசைகிறது என்று எந்த வீட்டுக்காரரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கதவு ஊதும், ஜன்னல் இறுகும், சுவரில் பூச்சு வெடிக்கும். வீடு மட்டும் போட்டது போட்டபடி இருக்கும்.

தெல்தோட்டையில் மலைச்சரிவின் விளிம்பில் நிற்கும் பழைய வீடு அது. பெருமழைக்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் தரையை அளந்து, அத்திவாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. அலுவலகத்தில் இருந்த லேசர் கருவி பெரியவர்களோடு ஜீப்பில் சுற்றுகிறது. எனக்கு வாய்த்தது மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாய். குறை சொல்வதற்கில்லை, அதற்கு பேட்டரி வேண்டாம், சம்பள உயர்வும் வேண்டாம்.

சாலையில், அதாவது வீட்டின் முன்கூடத்தின் நடுவில், குழாயை விரித்தேன். தண்ணீர் நிறைந்த நீண்ட பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையும் ஒரே உயரமான இரண்டு மரச்சட்டங்களில் கட்டியிருக்கும். இரண்டு சட்டத்திலும் ஒரே உயரத்தில் சிவப்புக் கோடு.

"தரை மட்டமா இருந்தா ரெண்டு பக்கமும் தண்ணி கோட்டுல நிக்கும் நானா. அந்தப் பக்கம் தரை பதிஞ்சிருந்தா, இந்தப் பக்கம் தண்ணி கோட்டுக்குக் கீழ எறங்கிடும். சட்டத்தோட அடி தரையில இருக்கணும், அவ்வளவுதான்."

சற்று உரக்கத்தான் சொன்னேன். முஹ்ஸின் நானாவுக்குக் காது மந்தம். பச்சைத் திரை தொங்கிய அறைக்குள் யாரோ உட்கார்ந்திருந்த கதிரையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

சாலை, அடுப்பு எரிந்துகொண்டிருந்த குசினி, பின்னறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முஹ்ஸின் நானா ஒரு சட்டத்தைப் பிடித்தார், நான் மற்றதைப் பிடித்தேன். பழைய வீட்டில் இருக்க வேண்டிய கோணல்தான், பயப்பட ஒன்றுமில்லை. எஞ்சியது பள்ளத்தைப் பார்த்த அந்தப் பச்சைத் திரை அறை. வெளியே அதன் மூலையில்தான் சுவர், விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. வரும்போதே கவனித்திருந்தேன்.

முஹ்ஸின் நானா குரலைத் தாழ்த்தினார். "உள்ள றம்ஸியா மதினி ஈக்கிறாங்க. இத்தா. எங்கட மூத்தவர் நிஸாம் நானா மவுத்தாகி இன்னும் காலம் முடியல்ல. நீங்களும் போகேலா, நானும் போகேலா."

கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது அவர்கள் முறை. கணவரின் தம்பியும் அந்நியர்தான். அது எனக்குத் தெரியும்.

"வீடு சரியில்லண்டா கீழ ஸ்கூல் ஹோல்ல போய் ஈக்கச் சொல்லுவாங்க. ஆபத்துண்டா வெளியாகலாம், குத்தமில்லண்டு மவ்லவியும் சொல்லிட்டாரு. மதினி கேக்கிறாங்க இல்ல. அவ்வளவு சனத்துக்கு மத்தியில எப்படி இத்தா இருக்கிறண்டு அழுவுறாங்க. நீங்க எழுதிக் குடுத்தா அதக் காட்டியாவது கூட்டிப் போகலாம் தம்பி. ராவைக்கு எனக்கு நித்திரை இல்ல."

அவர் திரைப்பக்கம் திரும்பினார். "மதினி, நாங்க வெளிய நிக்கிறோம். கொஞ்ச நேரம் குசினிக்குப் போறீங்களா? தம்பி அளந்துட்டு வந்துடுவாரு."

"எனக்கு முழங்கால் ஏலா" என்றது உள்ளிருந்து வந்த குரல். தளர்ந்த குரல், ஆனால் முடிவு செய்துவிட்ட குரல். "அந்தக் கட்டைய உள்ள நீட்டுங்க. நான் புடிக்கிறன்."

முழங்கால் ஏலாதவர் சட்டத்தை எப்படிப் பிடிப்பார் என்று நான் கேட்கவில்லை. திரைக்கடியால் நீட்டினேன். அது உள்ளே போனது.

"ஜன்னல் பக்கத்து மூலையில வைங்கம்மா. அடி தரையில படணும்."

"வச்சிட்டன்."

என் பக்கத்துத் தண்ணீர் இறங்கியது. கோட்டைத் தாண்டி, இன்னும் இறங்கி, மூன்று விரல் அளவு கீழே போய் நின்றது. இத்தனை பதிந்த தரையை நான் ஆள் இல்லாத வீடுகளில்தான் பார்த்திருக்கிறேன். கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் சரிந்து வந்த காலையில் என் அக்கா உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.

"தண்ணி எங்கம்மா நிக்குது?"

"கோட்டுலதான் நிக்கிது" என்றார் றம்ஸியா அம்மா.

இங்கே இவ்வளவு இறங்கினால் அங்கே அவ்வளவு ஏறியிருக்க வேண்டும். அது அவர் கண் முன்னால்தான் நிற்கிறது. முஹ்ஸின் நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தண்ணீர் அசைந்தது. கீழே நின்றது மெல்ல மேலே வரத் தொடங்கியது. ஒரு விரல், இரண்டு விரல். உள்ளே றம்ஸியா அம்மா சட்டத்தைத் தரையிலிருந்து தூக்குகிறார். தன் பக்கத்துத் தண்ணீர் கோட்டுக்கு வரும்வரை தூக்குகிறார். அது வந்தால் என் பக்கமும் வந்துவிடும். நான் சொல்லிக்கொடுத்ததுதான். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"சரியா தம்பி?" என்றார் முஹ்ஸின் நானா.

"இன்னும் நிக்கல நானா. தண்ணி அசையுது."

கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. திரைக்கு அப்பால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது, நடுங்கியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடியும் ஏறிக் கோட்டில் வந்து நின்று நடுங்கியது.