சரம் பற்றிய சாயங்காலம்

காலண்டர் ஆர்டர் பிடிக்கும் முகம்மது நூகுவின் மகன் ஆசிக் வேலை பார்த்த சரக்குக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கப்பல் முதலாளி பேரம் பேசிக்கொண்டிருந்தார். யாரையும் அடிக்கவில்லை, சோறு போடுகிறார்கள் என்று ஆசிக் ஒருமுறை போனில் சொன்னான்.

பேரம் இழுத்தது. பொறுக்கமாட்டாமல் நூகு டிவிக்காரர்களிடம், "நம்ம கப்பப்படை எதுக்கு இருக்கு? அனுப்பச் சொல்லுங்க" என்றார். மற்ற மாலுமிகளின் குடும்பங்களும் அதையே கேட்டன. அந்தக் கடலில் நமக்கு யாரோடும் சண்டை கிடையாது. ஆனாலும் நவம்பரில் போர்க்கப்பல் போனது. போன வேகத்தில் கொள்ளையர் படகு ஒன்றைச் சுட்டு மூழ்கடித்தது.

செய்தி வந்த சாயங்காலம், எதிர்வீட்டுப் பெத்தணன் பத்தாயிரம் வாலாவைத் தோளில் சுமந்து வந்தான். அவன் விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன்.

"பாய், ஆசிக்குக்காக நானே நின்னு பின்ன வச்ச சரம்."

"பய வந்து எறங்கட்டும்ப்பா."

"அன்னைக்கு வேற சரம். எங்க கம்பெனியில வெடிக்கா பஞ்சம்?"

நூகுவின் மனைவி கைருன்னிசா உள்ளிருந்து, "தீபாவளிச் சத்தத்துலயே எங்க ஆடு தீனி எடுக்கல தம்பி" என்றாள்.

"ஆட்டுக்குக் காதுல பஞ்சு வைங்க மைனி."

தெரு சிரித்தது. நூகுவும் சிரித்தார். ஊதுபத்தியை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அவரே பற்றவைத்தார்.

சரம் வெடித்து ஓடத் தொடங்கியபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வெளிநாட்டு நம்பர். வீட்டுக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொண்டார்.

"அத்தா, அங்கன என்ன சத்தம்?"

"வெடிப்பா. நீ சொல்லு."

"படகுல இருந்தது இவனுக ஆளுக அத்தா. நேத்து வரைக்கும் நாங்க இவனுகளுக்கு விலை பேசி விக்கிற சரக்கு. இப்ப எங்கள எதிரிங்கானுக. இந்தியாக்காரங்கள மட்டும் தனியாப் பிரிச்சு மேல கொண்டுபோயி..."

மீதியை வெடி தின்றது. நூகு கதவைத் திறந்து, "நிறுத்துங்கலே" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பெத்தணன் எரியாத பக்கம் பாய்ந்து, சரத்தைப் பிடித்து இழுத்து அறுத்தான். தெரு அடங்கியது. போனிலும் சத்தம் இல்லை.

அந்த நம்பரைத் திரும்பத் திரும்ப அழைத்தார். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

கைருன்னிசா வந்து நின்றாள். "புள்ளையா? என்னங்க சொன்னான்?"

பெத்தணன் அறுந்த சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

"கேக்கல" என்றார் நூகு. "ஒரே வெடிச் சத்தம்."