பொம்மைக்கு லீவு கிடையாது

எங்கள் அருங்காட்சியகத்தில் ‘பழைய தையல்கடை’ அறைக்கு நான் காவலாளி. போன வருடம் வரை தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றேன். இப்போது கயிற்றுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

தையல்காரர் பொம்மையின் கை ஒடிந்ததுதான் வினை. அதைச் சரிசெய்யும் செலவைக் கேட்டு மேலாளருக்குத் தலை சுற்றியது. மானியம் வேறு பாதியாகிவிட்டது. கூட்டம் வராத அறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். நாணய அறையை மூடியபோது அதன் காவலாளியும் வீட்டுக்குப் போனார். மேலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உங்க மூஞ்சில ஒண்ணும் தெரியாதுல்ல? அதுதான் வேணும். ஜனங்க கயித்துக்கிட்ட இருக்கற பட்டனை அமுக்கினா உங்க காலடியில பச்சை விளக்கு எரியும். உடனே மிஷினை மிதிங்க. அணைஞ்சா பொம்மை மாதிரி இருங்க. ஆளா பொம்மையான்னு பார்க்கவே கூட்டம் அள்ளும்.”

அள்ளியது. நூல் கோக்காத மிஷினை நாளுக்கு இருநூறு தடவை மிதித்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். கோபம் கோபமாக வரும், வந்து எங்கே போவது? வீட்டில் மூச்சு விடவில்லை, பதவி உயர்வு என்று மழுப்பினேன். அப்பா சூப்பர்வைசர் ஆகிவிட்டார் என்று மகள் பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பள்ளியே சுற்றுலா வருகிறது என்றார்கள். ஒரு நாள் லீவு கேட்டேன்.

“ஸ்கூல் வர்ற அன்னிக்குப் பொம்மைக்கு லீவா? நல்லா இருக்கே!” என்றார் மேலாளர்.

வந்தார்கள். மேலாளர் வாசலில் நின்று கவனித்தார். மகள் கயிற்றருகே வந்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியதை நான் இமைக்காமல் பார்க்க வேண்டியிருந்தது.

“ஆளுடா!”

“போடா, பொம்மை!”

“ஏய், உங்கப்பா இங்கதானே சூப்பர்வைசர்? நீ சொல்லு.”

“பொம்மைதான்,” என்றாள் மகள்.

ஒரு பையன் எட்டிப் பட்டனை அமுக்கினான். விளக்கு எரிந்தது. மிதிக்காவிட்டால் வேலை போகும். மிதித்தால் அத்தனை பேர் முன்னால் என் மகள் பொய்க்காரி. காலை அசைக்கவில்லை. அவன் மறுபடி அமுக்கினான், மறுபடியும்.

“சே, பொம்மைதாண்டா. அதுவும் ரிப்பேர்,” என்று போய்விட்டார்கள். மகள் கடைசியாகப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மேலாளர் நேராக என்னிடம் வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் பல்.

“அசத்திட்டீங்க! கடைசியில ஒருத்தனுக்கும் சந்தேகமே இல்லையே! நாளையிலேருந்து மிதிக்கவே வேண்டாம். அந்த மிஷினுக்கும் நல்ல விலை கேக்கறாங்க, வித்துடலாம். கையில ஒரு ஊசி குடுத்துடறேன், இப்படியே இருங்க.”

வாயைத் திறந்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.