கொக்குக்குக் கோபம் வந்த அட்டைப்படம்

ஆள் ஒருவர் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளமான பெட்டி. அதை நாலு பேர் தூக்கி வந்து ஸ்டுடியோவின் நடுவில் இறக்கினார்கள். ஐந்தாவதாக வந்தவர் வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு, "யாரும் தொடாதீங்க, ப்ளீஸ்" என்றார்.

"பார்க்கலாமா? இல்ல அதுக்கும் தனியா மனு போடணுமா?" என்றாள் அண்ணி, கேமராவின் கண்ணாடியைத் துடைத்தபடியே.

குருவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். குருவி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். நூல், பொத்தான், ரிப்பன் துண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிச் சேர்க்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு உண்டு. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணி அந்தப் பெயரை அலுவலகம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அண்ணிதான் பத்திரிகையின் புகைப்படக்காரி.

நாடு முழுக்க விற்கிற ஃபேஷன் பத்திரிகை அது. ஆறு வருடமாகக் குருவி அதில் உடையலங்காரம் செய்கிறாள். ஆறு வருடமும் உள்பக்கங்கள்தான். மழைக்காலச் செருப்பு, அலுவலகக் கைப்பை, ஒல்லியாகக் காட்டும் கோடுகள். இந்த இதழில்தான் முதன்முறையாக அட்டைப்படம் அவள் கைக்கு வந்திருந்தது. வந்த அட்டையோ இரண்டு தலைவலியோடு வந்திருந்தது.

முதல் தலைவலி ஆசிரியை. "வெளிநாட்டு கவுன் இருந்தே ஆகணும். ஆனா கடையில தொங்குறப்போ இது நம்ம பத்திரிகைன்னு பத்தடி தூரத்துலயே தெரியணும். அஞ்சு மணிக்குள்ள கொண்டா. இல்லேன்னா சீனியர் கிட்ட தயாரா ஒரு அட்டை இருக்கு, அதைப் போட்டுடுவேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டாவது தலைவலி அந்தப் பெட்டியோடு வந்த பெட்டிக்காரர். கவுன் தைத்த நிறுவனத்தின் ஆள். அவர் கையில் பன்னிரண்டு பக்க விதிமுறை இருந்தது. கவுனோடு வேறு யார் செய்த துணியும் சேரக்கூடாது, நகை சேரக்கூடாது, ஊசி, கிளிப் எதுவும் குத்தக்கூடாது. மூன்று மாதமாக இருவருக்கும் இதைப் பற்றியே மின்னஞ்சல் போய் வந்துகொண்டிருந்தது. 'மதிப்பிற்குரிய மேடம், எட்டாம் விதிப்படி தோள்துண்டு இயலாது' என்று அவர் எழுதுவார். 'மதிப்பிற்குரிய சார், வளையலாவது?' என்று இவள் எழுதுவாள்.

"நானும் உங்க அண்ணனும் கல்யாணத்துக்கு முன்னாடிகூட இத்தனை கடிதம் எழுதிக்கல" என்று அண்ணி அதற்கும் ஒரு குத்தல் வைத்திருந்தாள்.

கவுன் வெளியே வந்தது. கருநீலம். பின்னால் ஆறு மீட்டர் வால். அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற மாடல் ஆறடி உயரம்; நீளக் கழுத்து; பேச மாட்டாள், நிற்பாள். தொழிலில் எல்லோரும் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

"குருவி, கொக்கு... இது ஸ்டுடியோவா, சரணாலயமா?" என்றாள் அண்ணி.

பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். வெறும் கவுனை எடுத்தால் உலகத்தில் எந்த நாட்டு அட்டையிலும் ஒட்டலாம் போல இருந்தது. பின்னால் உள்ளூர்த் தறித்துணியைத் தொங்கவிட்டார்கள். திரைச்சீலைக் கடை விளம்பரம் மாதிரி வந்தது. பக்கத்தில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை நிறுத்தினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் தாம்பாளத்துக்கும் பெண்ணுக்கும் முன்பின் அறிமுகமே இல்லாத மாதிரி இருந்தது.

"சுற்றுலாத் துறைக்கு வித்துடலாம்" என்று அண்ணி உதட்டைப் பிதுக்கினாள்.

மணி இரண்டு. "சார், ஒரே ஒரு வளையல்" என்றாள் குருவி பெட்டிக்காரரிடம், கடைசி முயற்சியாக.

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "எனக்கும் ஆசைதான் மேடம். ஆனா அஞ்சாவது பக்கத்துல..."

"தெரியும். மனப்பாடமே ஆயிடுச்சு."

"சரி, பின்பக்கம் சுருக்கம் இல்லாம இருக்கான்னு மட்டும் பார்த்துக்கிறேன்" என்று அவர் இரண்டு கைகளையும் விரித்து, யாரும் கிட்டே வராதபடி தடுத்துக்கொண்டே, அடிமேல் அடியாகப் பின்னால் நகர்ந்தார். முன்னால் இருந்த எல்லோரிடமிருந்தும் கவுனைக் காப்பாற்றியவர் பின்னால் இருந்த நீராவி இஸ்திரியைப் பார்க்கவில்லை. வயர் காலில் மாட்டியது. இஸ்திரியின் தண்ணீர்த் தொட்டி தடாலென்று சாய்ந்தது.

தண்ணீர் வழவழத் தரையில் வழிந்து, நேராக அந்த ஆறு மீட்டர் வாலை நோக்கி ஓடியது. பெட்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மற்றவர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

கொக்குதான் அசைந்தாள். செருப்பு இரண்டையும் உதறினாள். ஒரே வீச்சில் வாலை வளைத்துச் சுருட்டி மேலே இழுத்தாள், இடுப்புப் பட்டையில் பக்கவாட்டில் நறுக்கென்று செருகினாள், ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையை நீட்டி, "மரம் மாதிரி நின்னா எப்படி? துணி கொண்டாங்க யாராவது!" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

பிளந்த வாய் மூடாமல் நின்ற பெட்டிக்காரரைத் தவிர ஸ்டுடியோ மொத்தமும் துணிக்கு ஓடியது. அண்ணியும் ஓடவில்லை. க்ளிக், க்ளிக், க்ளிக் என்று அவள் விரல் மட்டும் ஓடியது.

தரையைத் துடைத்து முடித்து எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடினார்கள். செருகிய இடத்திலிருந்து கருநீலத் துணி மடிப்பு மடிப்பாகப் பொங்கி இறங்கியது. தைத்தவன்கூடக் கற்பனை செய்திருக்க மாட்டான். வெறுங்கால். ஊன்றிய கை. வேலை என்று இறங்கிவிட்டால் அம்மாவும் அத்தையும் அக்காவும் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிற அதே நிற்பு. பத்தடி என்ன, தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும், இது நம் வீட்டுப் பெண்.

"அண்ணி, இதுதான்" என்றாள் குருவி. பிறகு மெதுவாகப் பெட்டிக்காரர் பக்கம் திரும்பினாள்.

அவர் அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் ஒன்றுவிடாமல் புரட்டிக்கொண்டிருந்தார். "வேற துணி இல்ல. நகை இல்ல. ஊசி இல்ல, கிளிப் இல்ல. போட்டிருக்கிறவங்களே செருகினது..." நிமிர்ந்தார். "செருப்பு எங்களுதா இருக்கணும்னு ஒரு விதி இருக்கு."

"செருப்பே இல்லையே சார்" என்றாள் குருவி.

"அதான் பார்க்கிறேன். 'காலணி தெரிந்தால்'னு போட்டிருக்கு. தெரியலையே!" அவர் முகம் மலர்ந்தது. "மேடம், இந்தப் படத்தைத் தடுக்க இதுல ஒரு வரிகூட இல்ல. இருங்க, தலைமை அலுவலகத்துக்கு நானே பேசறேன். தண்ணியைக் கொட்டினதையும் சொல்லிடறேன்."

"அதைக் கடைசியா சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அரை மணியில் பதில் வந்தது. சம்மதம். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்கள்: ஊசியில்லாமல் அது எப்படி நிற்கிறது?

ஒரு தலைவலி தீர்ந்தது. இன்னொரு தலைவலி மாடியில் உட்கார்ந்திருந்தது.

ஆசிரியை படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டும் பார்த்தார். "என்னம்மா இது? குழாயடிச் சண்டைக்குக் கிளம்பின மாதிரி நிக்கிறா. நம்ம ஊர் தெரியணும்னு சொன்னேன்தான். அதுக்காக இப்படியா?" என்றவர் தாம்பாளப் படத்தை எடுத்தார். "இதுல ரெண்டும் இருக்கு. கவுனும் இருக்கு, நம்ம ஊரும் இருக்கு. இப்பவே கையெழுத்துப் போடறேன். உன் முதல் அட்டை, சந்தோஷமா வீட்டுக்குப் போ."

மணி நாலேகால். ஆறு வருடம் காத்திருந்தது ஒரு கையெழுத்து தூரத்தில் நின்றது. 'சரி மேடம்' என்று சொன்னால் போதும்.

"அதுல நம்ம ஊர் பக்கத்துல சும்மா நிக்குது மேடம்" என்றாள் குருவி. "இதுல கவுனைப் போட்டுக்கிட்டு நிக்குது. தாம்பாளம்தான் வேணும்னா, சீனியரோட அட்டையையே போட்டுடுங்க. என் பேர் வேண்டாம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பக்கத்தில் அண்ணி அவள் முழங்கையைக் கிள்ளினாள். பாராட்டா, கண்டிப்பா என்று தெரியவில்லை.

ஆசிரியை அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "சரி, வா கீழே."

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் இரண்டு படங்களையும் அச்சடித்து, பழைய இதழ்கள்மேல் ஒட்டி, வரவேற்பறை மேசையில் போட்டுவிடுவார். பிறகு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு பெண், படத்தில் இருப்பவளைப் பற்றிக் கேள்வி கேட்டால்தான் அது அட்டை என்பது அவர் கணக்கு.

முதலில் வந்தவர் மின்விசிறி பழுது பார்ப்பவர். தாம்பாளப் படத்தை எடுத்தார். அவர் அதை விசிறிக்கொண்டே போய் ஏணியை விரித்தார்.

"இது சேராது" என்றார் ஆசிரியை.

அடுத்து விளம்பரக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்தார். உட்கார்ந்தார். ஏணிமேல் அவர் போட்டிருந்த தாம்பாளப் படத்தைப் பார்த்து, "புது ஹோட்டலா?" என்று வரவேற்புப் பெண்ணிடம் கேட்டார். பிறகு மேசையில் இருந்ததைக் கையில் எடுத்தார். வைக்கவில்லை. தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார். "யாரும்மா இந்தப் பொண்ணு? யார் மேல இவ்வளவு கோபம்?" என்றார். கதை உள்ளே இருக்கும் என்று நினைத்து, விறுவிறுவென்று பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

கதவுக்குப் பின்னால் ஆசிரியை பேனாவைத் திறந்தார். குருவியின் முதுகையே மேசையாக்கி, அச்சுப்படிமேல் கையெழுத்துப் போட்டார். "எழுத்தெல்லாம் இடது பக்கமே இருக்கட்டும். அந்தக் கையை மறைச்சா உன்னைச் சும்மா விடமாட்டேன்."

நாலு ஐம்பது.

குருவி ஓட்டமாக ஸ்டுடியோவுக்கு வந்தபோது, பெட்டிக்காரர் ஒற்றை ஆளாகக் கவுனை மடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "வாழ்த்துகள், மேடம்" என்றார். பிறகு, "இனிமே மின்னஞ்சல் எழுத வேலை இருக்காது" என்றார், கொஞ்சம் சுரத்தில்லாமல்.

"ஊசியில்லாம எப்படி நிக்குதுன்னு கேட்டாங்களே உங்க ஆட்கள்" என்றாள் குருவி, கவுனின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே. "அதை விளக்கி எழுத ரொம்ப நாளாகும். எனக்கு எழுத வராது வேற."

"நேர்லயே வந்து கத்துக்கலாமா?"

அவள் பதில் சொல்வதற்குள் மேசைமேல் இருந்த அவள் கைபேசி அடித்தது. அதற்குள் பின்னாலேயே வந்துவிட்டிருந்த அண்ணி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா.

"உங்க அண்ணி படம் அனுப்பினாடி. கண்ணே பட்டுடும். அந்தப் பொண்ணு அப்படியே உங்க அத்தை மாதிரியே நிக்கிறா."

"முழுப் படத்தையுமா அனுப்பினீங்க?" என்று குருவி அண்ணியை முறைத்தாள். "அது ஓரம் வெட்டாத படமாச்சே!"

"வெட்டினா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு" என்றாள் அண்ணி அப்பாவியாக.

"அதான் கேக்கிறேன்" என்றது அம்மாவின் குரல், ஸ்டுடியோ முழுக்க. "மூலையில வாயைப் பிளந்துக்கிட்டு ஒரு பையன் நிக்கிறானே, யாருடி அது? களையா இருக்கான். ஆனா இப்படிப் பயப்படறானே, கல்யாணம் ஆயிடுச்சா அவனுக்கு?"

கவுனின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர், மறு முனையைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார். கைபேசி பக்கம் லேசாகக் குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"இல்லீங்கம்மா. இன்னும் ஆகலை."